மைனி கண்ட அடுக்களை

மைனியைக் கஞ்சப்பிசினாறி என்று சொன்னவர்கள் எல்லோரும் அவள் வீட்டில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள். வெளியே நின்று பார்த்த யாராவது சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். மீன்குழம்பை இரண்டாம் தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு, கை கழுவி, வாசலில் செருப்பை மாட்டும்போதே, இந்தச் சாப்பாட்டுக்கு இவளுக்கு என்ன பெரிய செலவு ஆகியிருக்கும் என்று சிரித்துக்கொண்டு போனார்களே, அவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதில் முக்கால்வாசிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

மைனி என்றால் என் சின்ன அண்ணனின் மனைவி. எங்கள் பக்கம் மதினியை அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணனுக்கு நாகர்கோவிலில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. தங்கச்சி நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். பாதி ஆயுசு மைனியின் கைச்சாப்பாட்டில் போயிருக்கிறது. அதனால் அவளைப் பற்றிப் பேச மற்ற யாரையும்விட எனக்கு உரிமை உண்டு.

நாங்கள் சாப்பிட்ட மாதிரி அந்தத் தெருவில் ஒருவரும் சாப்பிட்டதில்லை. இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. காலையில் பயறும் கஞ்சியும் என்றால் அதற்குத் தொட்டுக்கொள்ள சுட்ட மிளகாயும் தேங்காயும் வைத்து அரைத்த துவையல் இருக்கும். மத்தியானம் பச்சை மாங்காய் போட்ட மத்திக் குழம்பு, எங்களுக்கு அது சாளை, தேங்காய் துருவிப் போட்ட முருங்கை இலைத் துவரன், வறுத்தரைத்த ஒரு தீயல். சாயங்காலம் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் சதைத்துப் போட்டு மசித்து வைத்திருப்பாள். அலுவலகத்தில் என் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசைகளில் இருந்து கை நீளும். கடையில் வாங்கின பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என் சக்கைக்குருவைத் தின்பார்கள். பலாக்கொட்டையா இவ்வளவு ருசி என்று கேட்பார்கள். பிறகு, உங்க மைனி காசு குடுத்து ஒரு காய் வாங்க மாட்டாங்களோ என்று ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் டப்பாவைக் காட்டவில்லை.

மைனி பிறந்த ஊர் தோவாளை. அவள் அப்பாவுக்குப் பிச்சித் தோட்டம் இருந்தது. விடியும் முன்னே பறித்துச் சந்தைக்குக் கொண்டு போகிற பூ, ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து வளர்ந்தவள். பொருளுக்கு என்று தனியாக ஒரு விலை கிடையாது, எந்த நேரத்தில் எத்தனை பேர் அதைத் தேடி ஓடுகிறார்கள் என்பதுதான் விலை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் செய்த மிச்சம் பிடித்தல் முழுக்க இதில்தான் இருந்தது. மற்றவர்கள் ஓடும்போது அவள் ஓட மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. சர்ச் முடிந்து ஊரே மீன் வாங்கப் போகும், அன்று சாளைகூடத் தலை நிமிர்ந்து நிற்கும் என்பாள். ஓணத்துக்கு முந்தின வாரங்களில் வடசேரிச் சந்தைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். காயும் ஏத்தன் வாழைக்குலையும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிற நாட்கள் அவை. அப்போதெல்லாம் கொல்லையில் நிற்கிற சேம்பும் பப்பாளிக்காயும் வாழைப்பூவும்தான் சமையல். ஞானஸ்நானம் பெற்று நான்கு தலைமுறை ஆன குடும்பத்தில் வாக்கப்பட்டவள், சுவரில் பஞ்சாங்கம் போட்ட காலண்டரைத் தொங்கவிட்டு முகூர்த்த நாளெல்லாம் பார்த்து வைப்பாள். எங்கள் போதகர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டார். முகூர்த்தம் அன்று கத்தரிக்காய் ஏறும், மறுநாள் இறங்கும் என்று மைனி விளக்கினாள். போதகர் அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கத்தரிக்காய் தீயல்தான்.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கினால் அவளுக்குக் கொண்டாட்டம். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற காற்று, எங்கள் தெருவில் ஒரு வீட்டு முருங்கையையும் சும்மா விடாது. ஒடிந்த கொப்பை எல்லோரும் குப்பையில் போடுவதற்கு முன்னால் மைனி போய் நிற்பாள். இலையை உருவிக் கொண்டுவந்து பாதியைத் துவரன் வைத்து, ஒரு கிண்ணம் மரத்துக்காரிக்கே கொண்டு கொடுப்பாள். கொடுத்த கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தரும்போது அந்த மரத்துக்காரி சொல்வாள், எங்க வீட்டுக் கொப்பு இல்லியா, அதான் ருசி என்று. மைனி ஆமாம் என்று தலையாட்டுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவளிடம் எரிச்சல் பிடிக்கிற குணம் இல்லாமல் இல்லை. நான் அலுவலகத்தில் மேலதிகாரி முன்னால் நிற்கும்போது போன் அடிக்கும். "ஏட்டி, தக்காளி எறங்கிட்டு. வரும்போ வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் வந்தவர் யார் என்று பார்க்க மாட்டாள், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது பந்தி முடிந்த சமையல் கொட்டகைக்குள் போய், வெட்டாமல் மிஞ்சின இளவன்காய்ப் பூசணியைச் சமையல்காரத் தவசிப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி, பட்டுச்சேலை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். அந்தக் கார் என் பெரியண்ணனுடையது. அவன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூத்தவன், வடசேரியில் சொந்தக் கடை, சர்ச்சில் முன்வரிசை. சின்ன அண்ணன் வீட்டில் வாரம் ஒரு நேரமாவது வந்து சாப்பிடுவான். ஆனால் தன் வீட்டில் நெய்மீன் தவிர வேறு மீன் ஏறாது என்று நான்கு பேர் கேட்கச் சொல்வான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் பார்க்க வாங்க வேண்டும் அல்லவா. மைனிக்குக் கஞ்சி என்று, கஞ்சப்பிசினாறியைச் சுருக்கி, முதலில் பெயர் வைத்தவன் அவன்தான். ஏழைகள் வயிற்றில் அடிக்கிறாள் என்றுகூட ஒரு தடவை சொன்னான். கடியப்பட்டணத்தில் இருந்து கூடை சுமந்து வருகிற மீன்கார அக்காவிடம் மைனி ஒரு நாளும் விலை பேசியதில்லை. அந்த அக்கா பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கும்போது கூடையில் மிஞ்சியதை மொத்தமாக வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அக்கா சொன்ன விலைதான். கட்டன்சாயா வேறு போட்டுக் கொடுப்பாள். அதே அக்காவிடம் தங்கச் சங்கிலி போட்ட கழுத்தை நீட்டி, இன்னும் ரெண்டு அள்ளிப் போடு என்று சண்டை பிடித்தவன் என் பெரியண்ணன். நான் பார்த்தேன்.

ஊரில் புதிதாக ஒரு பெரிய கடை திறந்தார்கள். குளிரூட்டி, தள்ளுவண்டி, வாசலில் பலூன் எல்லாம் உண்டு. பெரியண்ணன் மனைவி எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் தள்ளுவண்டி நிரம்பி வழிந்தது. மைனி ஒவ்வொரு வரிசையாக நிதானமாக நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள். ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா தருகிறார்களே, வாங்கவில்லையா என்று பெரியண்ணன் மனைவி கேட்டாள். "அந்த ஒண்ணே எனக்கு வேண்டாமே மக்கா. குளிரு நல்லா இருந்து" என்றாள் மைனி. இந்தக் கதையைக் குடும்பத்தில் எத்தனையோ கூட்டங்களில் சொல்லிச் சிரித்தார்கள். தள்ளுவண்டியில் வந்த சாமானில் பாதி வண்டு பிடித்து வெளியே போனதை யாரும் சொல்லிச் சிரிக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது மைனியின் மகள் கல்யாண விஷயத்தை.

மைனிக்கு ஒரே மகள். கூடப் படித்த பையனையே கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள். பையன் வீடு மார்த்தாண்டம் பக்கம். நல்ல பையன், திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை, காலையில் ரயிலில் போய் ராத்திரி திரும்புவான். அப்பா சவூதியில் பல வருடம் இருந்து திரும்பியவர். ரோட்டில் இருந்தே தெரிகிற மாதிரி மாடி வீடு, வாசலில் கார். மகள் ஆசைப்பட்ட இடம் என்பதால் அது எப்படியாவது நல்லபடி அமைய வேண்டும் என்பது மட்டும்தான் மைனிக்கு. அவள் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பையன் வீட்டார் பெண்ணைப் பார்க்க வந்த அன்று சாப்பாட்டை வெளியே சொல்லிவிடலாம் என்றான் பெரியண்ணன். மைனி மாட்டேன் என்றாள். விடியற்காலம் எழுந்து தனியாகச் சமைத்தாள். சாளை மலிந்து கிடந்த சமயம் அது. மாங்காய் போட்டு ஒரு குழம்பு, மண்சட்டியில் வற்றவைத்த ஒரு மீன் அவியல், நெத்திலி பொரித்தது, மரச்சீனி மசித்தது, எரிசேரி, கடைசியில் சக்கைப்பழப் பாயசம். பையனின் அம்மா முதலில் கொஞ்சம்போல் வாங்கினாள். பிறகு தானே கேட்டு வாங்கினாள். மரச்சீனியில் குழம்பை ஊற்றிப் பிசைந்து அவள் சாப்பிட்டதைப் பார்த்தபோது காரியம் முடிந்தது என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அப்போதுதான் பெரியண்ணன் வாயைத் திறந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தானாகவே எழுந்து நின்று கையைக் கூப்பினான்.

"தப்பா எடுக்கப்பிடாது. சாப்பாட்டுக்குச் சொல்லி வச்சிருந்த ஆளு கடைசி நேரத்துல ஏமாத்திட்டான். அதாக்கும் இப்படிச் சாளையும் கெழங்கும் போட வேண்டியதாப் போச்சு."

பொய். யாருக்கும் சொல்லியும் வைக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. பையனின் அம்மாவின் கை இலையில் நின்றது. அவள் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இலையை மூடினாள். "எங்க வீட்டுல சாளை வாங்குற வழக்கம் இல்ல. பூனைக்குத்தான் எடுப்போம்" என்றாள். அதற்கு முன்னால் உள்ளே போன இரண்டு தட்டு மரச்சீனியை எந்தப் பூனை தின்றது என்று கேட்க என் நாக்கு துடித்தது. மைனி என் தோளை அழுத்தினாள்.

அவர்கள் போனபிறகு அடுக்களையில் வைத்து நான் கத்தினேன். மைனி பாத்திரம் ஒதுக்கிக்கொண்டே, "தின்னு முடிச்ச பொறவுதானே சொன்னா. வயிறு நெறைஞ்சதுல்லா, விடுட்டி" என்றாள். விட முடிகிற காரியமா அது? ஆனால் கல்யாணம் நடந்தது. பையன் உறுதியாக நின்றான். மண்டபம், சாப்பாடு எல்லாம் பெரியண்ணன் சொன்னபடி, சம்பந்தி வீட்டார் கேட்டபடி ஆடம்பரமாக நடந்தது. செலவு மட்டும் சின்ன அண்ணன் தலையில்.

கல்யாணம் முடிந்தால் எங்கள் பக்கம் அடுக்களை காணுதல் என்று ஒரு முறை உண்டு. பெண் வீட்டார் கூட்டமாகப் பையன் வீட்டுக்குப் போவார்கள். அரிசி மூட்டை, எண்ணெய், பருப்பு, பலகாரம், பாத்திரம், பழக்குலை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள். விருந்து சாப்பிடுவார்கள், திரும்புவார்கள். பெயர்தான் அடுக்களை காணுதலே தவிர, யாரும் அடுக்களையைப் போய்ப் பார்ப்பதில்லை. கூடத்தில் உட்கார்ந்து கொண்டுவந்த சாமானைத்தான் பார்ப்பார்கள், எத்தனை மூட்டை, என்ன பாத்திரம் என்று.

மைனிக்கு மழைக்காலக் காய்ச்சல் வந்து அந்தச் சடங்கு தள்ளிப்போயிற்று. சம்பந்தியம்மாள் அடிக்கடி போன் செய்தாள். எப்ப அடுக்களை காண வாறிய என்று கேட்பாள். அரிசி கொஞ்சம் கூடுதலாகவே கொண்டு வாங்க, எங்க ஆளுகளுக்கும் கொடுக்கணும் என்பாள். காய்ச்சலில் கிடக்கிறவளிடம் அரிசி கேட்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேராசை பிடித்தவள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

இதற்கிடையில் மகள் ஒரு நாள் தாயைப் பார்க்க வந்தாள். காய்ச்சலோடு எழுந்து மைனி சோறு வடித்து, சூரைமீன் வறுத்தாள். பிள்ளை பேசாமல் சாப்பிட்டாள். மறுபடி வாங்கினாள், அதற்குப் பிறகும் வாங்கினாள். மைனி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, நல்லாருக்கும்மா என்றாள் மகள். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் மைனி என்னைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை மெலிஞ்சிருக்கா, பாத்தியா?"

புது இடம், புது மனிதர்கள், போகப்போகச் சரியாகும் என்றேன்.

"அது ஆசைக்குத் தின்னதில்ல மக்கா. பசிக்குத் தின்னது. எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் போனோம். வேன் நிறைய ஆட்கள். பெரியண்ணன்தான் தலைவன். சாமானை எல்லாம் அவன் கூடத்தின் நடுவில் வரிசையாக இறக்கி வைக்கச் சொன்னான். சம்பந்தி வீட்டுச் சாப்பாடு வெளியே சொல்லி வந்திருந்தது. ஆட்டிறைச்சி பிரியாணி, பொரித்த கோழி, நெய்மீன் துண்டு, ஐஸ்கிரீம். இதாக்கும் விருந்து என்று பெரியண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான், மைனியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மகள் ஒரு மூலையில் நின்று பரிமாறினாள். மைனி பாதியில் எழுந்தாள்.

"அடுக்களை காணத்தானே வந்தோம். ஒரு எட்டு கண்டுட்டு வாறேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நடந்தாள்.

யாரும் அப்படிச் செய்ததில்லை. சம்பந்தியம்மாள் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். நான் அவள் பின்னால் போனேன்.

அது அழகான அடுக்களை. கண்ணாடி போலக் கல்மேடை, சுவர் முழுக்க நிறம் பூசின அலமாரிகள், அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற பெட்டி. மைனி எதையும் மெச்சவில்லை. அவளுக்கு அடுக்களையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். காஸ் சிலிண்டரைக் காலால் தள்ளினாள், சும்மா ஆடியது. பெரிய ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன, கொஞ்சம் புளித்த மாவு இருந்தது. பருப்பு டப்பா, பயறு டப்பா, எல்லாம் தட்டினால் ஓசை கேட்கிற டப்பாக்கள். கடைசியில் அரிசி வாளியின் மூடியைத் தூக்கினாள். நானும் எட்டிப் பார்த்தேன். வாளியின் அடி தெரிந்தது. ரேஷன் அரிசி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது, ஒரு வேளைக்கு வரலாம், வராமலும் போகலாம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, விட்டுப்போனதைப் பிறகு பிள்ளையே சொன்னாள். மாடியும் காரும் தவணையில் வந்தவை. பையனின் சம்பளம் வந்த அன்றே அதற்குப் போய்விடுகிறது. ஆள் வந்தால் கடன் சொல்லிப் பிரியாணி. ஆள் இல்லாத நாளில் கஞ்சி. அடுக்களை காண எப்ப வாறிய என்று சம்பந்தியம்மாள் போனில் கேட்டதும் இதற்காகத்தான், எங்கள் அரிசி மூட்டைக்காக. பிள்ளையும் மாமியார் மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

சம்பந்தியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குப் பின்னால் கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. சாளை பூனைக்கு என்று சொன்னவள் இவள். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. மைனி இப்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும், பெரியண்ணன் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கூடத்தில் இருந்து பெரியண்ணன் மனைவி கேட்டாள், அடுக்களை எப்படி இருக்கு என்று.

மைனி மூடியை அடைத்தாள். "நெறைஞ்ச அடுக்களையாக்கும்" என்று அங்கிருந்தே பதில் சொன்னாள். "ஆனாலும் மொறைன்னு ஒண்ணு உண்டுல்லா. நாம கொண்டு வந்ததையும் உள்ள எடுத்து வைக்கணும். யாரும் எந்திரிக்காண்டாம், சாப்பிடுங்க. நானும் எம்பிள்ளையும் வச்சுக்கிடுவோம்."

அப்படியே செய்தாள். பெரியண்ணன் ஆட்களை அனுப்புகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. மகளும் அவளுமாக மூட்டையை இழுத்து உள்ளே கொண்டு போய், கதவைப் பாதி சாத்திக்கொண்டு, வாளியில் அரிசியைக் கொட்டினார்கள். பருப்பை, பயறை, மிளகாயை எல்லாம் அந்தந்த டப்பாவில் போட்டு மூடினாள். நான் உதவினேன். சம்பந்தியம்மாள் அசையவே இல்லை. மைனி அவள் பக்கத்தில் போய் நின்று, சனிக்கிழமை சாயங்காலம் வடசேரிக்கு வாருங்கள், காய் விலை இறங்கின நேரம், நாம் ரெண்டு பேருமாப் போவோம் என்று மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வரும்போது வேனில் பின்சீட்டில் நானும் மைனியும். முன்னால் பெரியண்ணன் நெய்மீன் துண்டின் பருமனைக் கையால் காட்டிப் பேசிக்கொண்டு வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லார் வாயும் அடைத்திருக்கும், உங்கள் பெயரும் மீண்டிருக்கும், ஏன் விட்டீர்கள் என்று அவள் காதோரம் சண்டை பிடித்தேன்.

"எம் பேரு கஞ்சியாவே கெடக்கட்டும்" என்றாள் மைனி. "நான் சொல்லியிருந்தா அவளுக்கு மானம் போவும். மானம் போன அடுக்களையில எம்பிள்ளைக்கு எப்படிட்டி சோறு கெடைக்கும்?"

இது நம்மோடு இருக்க வேண்டும், பெரியண்ணனுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்க ஆயிற்று என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

சம்பந்தியம்மாள் சனிக்கிழமை வந்தாள். பிறகும் வந்தாள். தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் பையை மைனியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். மைனி இரண்டு பையையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். சேனை எப்போது வாங்குவது, பெரிய மீனின் தலை எந்த நேரத்தில் மலிவாகக் கிடைக்கும், மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கருவாடு எப்படிச் சேர்ப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். சாளையும் வாங்கிக் கொடுத்தாள். அந்த வீட்டில் தினமும் உலை கொதித்தது. தவணைகளும் ஒவ்வொன்றாக அடைந்தன. பிள்ளைக்கு உடம்பு தேறி, பழைய நிறம் வந்தது. எனக்கு இதில் சந்தோஷம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மைனி போய்விட்டாள். முதல் வருட நினைவு ஜெபத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பெரியண்ணன் வெளியே சொல்லியிருந்தான், பணம் சின்ன அண்ணனுடையது. இலையின் முன்னால் உட்கார்ந்து அவன் சொன்னான், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாளே, போகும்போது என்னத்தைக் கொண்டு போனாள் என்று. பந்தி முழுக்கச் சிரித்தது. யார் வாயைக் கட்டினாள் அவள்? யார் வயிற்றைக் கட்டினாள்? அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு வயிறும் அவள் போட்டு வளர்ந்தது.

எனக்கு எதிர்வரிசையில் சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் அவளையே பார்த்தேன். ஒரு வார்த்தை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை இவள் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இனி என்ன மானம் போகப் போகிறது, அடுக்களைதான் நிறைந்துவிட்டதே. அவள் சிரிக்கவில்லை. அது உண்மை. ஆனால் பேசவும் இல்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் எழுந்தேன். மைனியின் மகள் பின்னால் இருந்து என் கையைப் பிடித்தாள். "அத்தை, அம்ம சொல்லாததை நீங்க சொல்லாதீங்க" என்றாள். நான் பந்தியை விட்டுப் போய்க் கை கழுவினேன்.

சத்தியத்தை நான் மீறவில்லை. அதனால்தான் இதில் ஒருத்தர் பெயரையும் எழுதவில்லை. மைனியின் பெயரைக்கூட எழுதவில்லை. படித்தால் அந்த அம்மாளுக்குத் தெரியும், யாருடைய அடுக்களை என்று.